மோதாத ஏஜெண்ட்டின் கடிகாரம்

டுவோரா, நெப்ராஸ்கா
27 அக்டோபர் 1952

லீடா,

நலமா என்று கேட்டுத் தொடங்கும் மனநிலையில் உன் அண்ணன் இல்லை. இன்று காலைத் தபாலில் எமில் வோண்ட்ராவுக்கு ஒரு கடிதம் வந்தது. படித்துப் பார்த்தவர், தன் மூக்குக் கண்ணாடியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, கடிதத்தை என் ஆபீசுக்கே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "பாலிசி எண் 17-0004. டிசம்பர் 1-க்குப் பிறகு புதுப்பிக்க இயலாது." அவ்வளவுதான். வணக்கம் இல்லை, பெயர் இல்லை. கீழ் மூலையில் தட்டச்சு செய்தவரின் முதலெழுத்து மட்டும் பொடியாக இருக்கிறது. எல்.கே.

உன் கை, லீடா. எமிலின் பாலிசியை நிறுத்தும் கடிதத்தை நீ அடித்திருக்கிறாய்.

1929-இல் நாம் இரண்டு பேரும் ஒரு ஓட்டை வண்டியில் கார் பாலிசி விற்கப் பண்ணை பண்ணையாய் ஏறி இறங்கினோமே, நினைவிருக்கிறதா? நாய்கூட நம்மை மதிக்கவில்லை. நம் காப்பீட்டுச் சங்கத்தில் சேர அக்கம்பக்கத்து உறுப்பினர் இரண்டு பேர் நற்சான்று அட்டை எழுதித் தர வேண்டும் என்ற விதி அப்போதே உண்டு. எனக்கு முதல் அட்டை எழுதியது எமில்தான். 'குடிக்க மாட்டான், வேகமாக ஓட்ட மாட்டான், பொய் சொல்ல மாட்டான்' என்று அந்தக் கோணல் எழுத்தில் எழுதினார். அதை வைத்துத்தான் ஏஜெண்ட் ஆனேன். இன்று இந்த மாவட்டத்தில் எண்ணூறு வண்டிகள் நம் ஹார்ட்வெல் உழவர் பரஸ்பரக் காப்பீட்டில் இருக்கின்றன.

எமிலின் மனைவி ரோசாவுக்கு மார்பில் கட்டி. செவ்வாயும் வெள்ளியும் லிங்கன் ஆஸ்பத்திரியில் கதிர் வைத்தியம். போக நாற்பது மைல், வர நாற்பது மைல். நான் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். எமில் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். "வர்ற வழியெல்லாம் வாந்தி எடுக்குறா ரூடி. அடுத்தவன் வண்டின்னா வெக்கப்பட்டுக்கிட்டு வைத்தியமே வேண்டாம்னுடுவா. பாலிசி இல்லாம நானும் வண்டிய ரோட்டுல ஏத்த மாட்டேன். யாரையாவது இடிச்சுட்டா அந்தக் குடும்பத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?" எழுபத்தொரு வயது மனிதரை வேறு கம்பெனி எதுவும் சேர்த்துக்கொள்ளாது.

போனில் பேசியிருப்பேன். நம் போன் லைனில் பன்னிரண்டு வீடு சேர்ந்திருக்கிறது, யார் பேசினாலும் எல்லாரும் காது வைப்பார்கள் என்பது உனக்குத் தெரியும்.

இந்த ஊரில் சங்கத்துக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. என் ஆபீசுக்குள் கால் வைக்கும் எவரும் முதலில் சுவரைப் பார்த்து, "மணி சரியா ஓடுதா ரூடி?" என்று மார்ச்சில் சங்கம் எனக்குக் கொடுத்த அந்தக் கடிகாரத்தை விசாரித்துவிட்டுத்தான் உட்காருவார்கள். அதைக் கெடுத்துவிடாதே. இதைச் சரிசெய்.

ரூடி

*

ஹார்ட்வெல், இல்லினாய்
31 அக்டோபர் 1952

ரூடி அண்ணா,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் வெட்கமாக இருந்தது. மதியத்துக்குள் அது கோபமாகிவிட்டது. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

ஒரு நாளைக்கு நூற்றெண்பது கடிதம் அடிக்கிறேன். எண்ணைப் பார்ப்பேன், தேதியைப் பார்ப்பேன். பெயர் உறையின் மேல் மட்டும்தான் இருக்கும். உறை அடிப்பவள் வேறொருத்தி, வேறொரு மாடியில். எமில் என்று தெரிந்திருந்தால் அடித்திருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். அடித்திருப்பேன். ஆனால் கூடவே உனக்கும் ஒரு வரி எழுதியிருப்பேன்.

நான் இங்கே வந்தபோது தீவனக் கடை மாடியில் பதினோரு பேர் இருந்தோம். எல்லாக் கடிதமும் 'அன்புள்ள அண்டை வீட்டாரே' என்று தொடங்கும். இப்போது ஏழு மாடி. பட்டணத்துக்காரர்களையும் சேர்த்துக்கொள்கிறோம், போன மாதம் பத்து லட்சமாவது பாலிசிக்குக் கேக் வெட்டினார்கள். கீழ்த்தளத்தில் ஒவ்வொரு பாலிசியின் விவரத்தையும் அட்டையில் துளையாகப் போட்டுப் பிரிக்கும் இயந்திரங்கள் ஓடுகின்றன. எழுபது வயதுக்கு மேல், ஐந்து வருடத்தில் இரண்டு மோதல் என்றால் அட்டை தனிப் பெட்டியில் விழுந்துவிடும். ரோசாவின் உடம்பைப் பற்றி அட்டையில் துளை கிடையாது.

நீ இன்னும் சங்கம் என்கிறாய். இங்கே எல்லாரும் கம்பெனி என்கிறார்கள். அதற்காகக் கரித்துக்கொட்டாதே. இரண்டு வருடம் முன்பு ஆலங்கட்டி மழையில் டுவோராவின் அத்தனை கார் கூரையும் குழிவிழுந்து கிடந்ததே, மூன்றாம் நாளே கம்பெனியிலிருந்து ஒன்பது பேர் வந்து பள்ளிக்கூடத்தில் மேஜை போட்டுக் காசோலை கொடுக்கவில்லையா? தீவனக் கடை மாடியில் இருந்திருந்தால் வசந்தம் வரை காத்திருந்திருப்பீர்கள்.

ஒரு வழி இருக்கிறது. நவம்பர் 24-ஆம் தேதி மறுபரிசீலனைக் குழு கூடுகிறது. கோப்பில் இல்லாத புது விவரம் ஏதாவது இருந்தால் மட்டும் கேட்பார்கள். 1949-இல் எமில் தன் வாசல் தூணை இடித்தது எனக்கே தெரியும். அட்டையில் இருக்கும் போன வருடத்து இரண்டாவது மோதல் எனக்குத் தெரியாது. அதில் ஏதாவது இருக்கிறதா? எழுது.

லீடா

*

டுவோரா
5 நவம்பர் 1952

லீடா,

புது விவரம் எதுவும் இல்லை. கோப்பைத் தோண்ட வேண்டாம். நான் கேட்டது சின்ன உதவி. அந்தப் பெட்டியிலிருந்து ஒரு அட்டையை எடுத்துவிடு. பத்து லட்சத்தில் ஒன்று குறைந்தால் எந்த இயந்திரம் அழப்போகிறது? உன்னை அந்த வேலைக்குச் சிபாரிசு செய்தவன் நான் என்பதை இதுவரை ஒருமுறையாவது சொல்லிக்காட்டியிருக்கிறேனா? இப்போது சொல்லிக்காட்டுகிறேன்.

என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. ஆபீசைத் திறக்கிறேன், மூடுகிறேன், தானியக் களஞ்சியம் வரை நடந்து திரும்புகிறேன். நேற்று வோட்டுப் போட வரிசையில் நின்றபோது எமில் எனக்கு முன்னால் நின்றார். திரும்பிப் பார்த்து, "ஏன்டா மூஞ்சிய தூக்கி வச்சிருக்க? பாலிசி போனது எனக்கு, உனக்கில்ல" என்று என் தோளில் தட்டினார்.

வோட்டுப் போட்ட கையோடு எமில் ரோசாவை லிங்கனுக்கு அழைத்துப் போனார். இன்னும் ஏழு முறைதான் போக முடியும். பிறகு டிசம்பர் வந்துவிடும்.

அட்டையை எடு.

ரூடி

*

ஹார்ட்வெல்
9 நவம்பர் 1952

அண்ணா,

தோண்டாதே என்று நீ எழுதியதால்தான் தோண்டினேன். சும்மா இருந்திருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன்.

மோதல் அறிக்கையை அப்படியே எழுதுகிறேன். 17 செப்டம்பர் 1951, திங்கட்கிழமை, காலை 10.40. ஸ்டேஷன் சாலை, தானியக் களஞ்சியம் அருகே. எமில் வோண்ட்ராவின் ஃபோர்டு, ஜோ ஸ்லாமாவின் பால் லாரியின் பின்புறத்தில் மோதியது. ஓட்டியவர்: எமில் வோண்ட்ரா. வண்டியில் வேறு யாரும் இல்லை. அறிக்கை எழுதியவர்: ஏஜெண்ட் ஆர். குபிச்செக்.

அன்று நான் ஊரிலிருந்து திரும்பிய ரயில் 10.20-க்கு.

அந்த ஃபோர்டில் என்னை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து விட்டது யார், அண்ணா? உன் கார் பிரேக் வேலைக்குப் போயிருந்தது, அதனால் எமிலிடம் இரவல் வாங்கினாய். ரோசா கொடுத்தனுப்பிய கொலாச்சிப் பலகாரப் பொட்டலத்தை நான் பின் சீட்டில் மறந்துவிட்டேன், நீதான் ஓடிப்போய் எடுத்துவந்தாய். ரயில் நகர்ந்தபோது அந்தக் காரின் பக்கத்தில் நின்று தொப்பியை ஆட்டினாய். இருபது நிமிடத்தில் எமில் எங்கிருந்து முளைத்தார்?

இரவல் வாங்கியவன் ஓட்டினாலும் பாலிசி ஈடு கொடுக்கும். உனக்கு அது மனப்பாடம். பொய் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. பிறகு எதற்காகச் சொன்னாய் என்று ஜன்னல் பக்கம் நின்று யோசித்தேன். கம்பெனியின் மார்ச் மாத மகாசபை நினைவுக்கு வந்தது. 'இருபது வருடம் மோதாத ஏஜெண்ட்' என்று உன்னை மேடைக்குக் கூப்பிட்டுக் கடிகாரம் கொடுத்தார்கள். நான் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து கை சிவக்கத் தட்டினேன். பக்கத்தில் இருந்தவளிடம், "என் அண்ணன்" என்று சொன்னேன்.

ஓட்டியது எமில் இல்லை என்றால் அவருக்கு ஒரே மோதல்தான். டிசம்பர் 1-க்குப் பிறகும் பாலிசி ஓடும். ரோசா லிங்கனுக்குப் போவாள். நீ உண்மையை எழுதினால் போதும்.

நேற்று பதினான்கு கடிதத்தைத் தப்பும் தவறுமாக அடித்துக் கிழித்துப் போட்டேன். பக்கத்து மேஜை ஹேசல், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். உன் மேல் எனக்கு இவ்வளவு கோபம் இதற்கு முன்னால் வந்ததில்லை.

லீடா

*

டுவோரா
13 நவம்பர் 1952

நீ எப்போதிலிருந்து போலீஸ் வேலைக்குச் சேர்ந்தாய்?

சரி. நான்தான் ஓட்டினேன். நீ போன பிறகு என்னவோ வெறுமையாக இருந்தது, சாலையைப் பார்க்கவில்லை. ஸ்லாமா பிரேக் போட்டதைக் கவனிக்கவில்லை. பால் கேன் பதினாறும் உருண்டன. ஸ்டேஷன் சாலை முழுக்கப் பால். எமிலுக்குச் சொல்லியனுப்பினேன், வந்தார். மகாசபைக்கு இன்னும் ஆறே மாதம். நான் வாயைத் திறக்கும் முன்பே, "என் பேர்ல எழுதிக்க ரூடி. எனக்கு யாரு கடிகாரம் குடுக்கப்போறாங்க?" என்று சிரித்தார். ஸ்லாமா சட்டையைப் பிழிந்துகொண்டே, "யார் பேர்லயாவது எழுதித் தொலைங்கய்யா, எனக்குக் கொட்டுன பாலுக்குக் காசு வேணும்" என்றான். எழுதிவிட்டேன். அரை நிமிட வேலை.

நம் ஊரில் டிராக்டர் கேட்டால் கொடுப்பார்கள், கார் கேட்டால் கொடுப்பார்கள், கேட்காமலே பழியையும் வாங்கிக்கொள்வார்கள். அதை வாங்கிக்கொள்ள விட்டது நான்தான். அப்போது எந்த இயந்திரமும் எதையும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

எனக்கு வயது ஐம்பத்து மூன்று. இந்த வேலையை விட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது. பொய் அறிக்கை கொடுத்த ஏஜெண்ட்டை என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியாதா?

ரூடி

*

ஹார்ட்வெல்
16 நவம்பர் 1952

அண்ணா,

தெரியும். வேலை போகும்.

22-ஆம் தேதிக்குள் உன் கடிதம் இங்கே வர வேண்டும். வராவிட்டால் அந்தக் காரில் உட்கார்ந்திருந்தவள் எழுதுவாள். காகிதத்தை இயந்திரத்தில் செருகி இரண்டு நாளாக வைத்திருக்கிறேன். என்னை எழுத வைக்காதே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

லீடா

*

டுவோரா
19 நவம்பர் 1952

லீடா,

எழுதிவிட்டேன். இதே தபாலில் குழுவுக்குத் தனியாகப் போகிறது. எப்படி எழுதினேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

திங்கட்கிழமை எமிலின் தொழுவத்துக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். வைக்கோல் முள்ளைக் கீழே வைத்துவிட்டு என்னை முறைத்தார்.

"பைத்தியமா உனக்கு? பொழப்ப கெடுத்துக்கிட்டு எனக்கு பாலிசி வாங்கித் தரப்போறியா? நான் கேட்டனா?"

"நீங்க கேட்க மாட்டீங்க. அதான் கஷ்டமா இருக்கு."

"விடுடா. ஊருக்கே தெரிஞ்ச விஷயம், யாராவது வாயத் திறந்தாங்களா?"

எனக்கு முதலில் புரியவில்லை. "ஊருக்கா?"

"ஸ்லாமா அன்னைக்கே போன்ல பொண்டாட்டிகிட்ட சொன்னான். நம்ம லைனு. அப்புறம் என்ன?"

அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. மணி சரியா ஓடுதா ரூடி. மருந்துக் கடைக்காரர், பாதிரியார், பள்ளிக்கூட டீச்சர், எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். எட்டு மாதமாக நானும் பெருமையாக, "ஒரு நிமிஷம்கூட தப்பாது" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், லீடா. சிரித்துவிட்டு உட்கார்ந்து பாலிசி எடுத்தார்கள். கேலி செய்தார்களா, மன்னித்தார்களா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது.

நேராக ஆபீசுக்கு வந்து ஸ்டூல் போட்டு ஏறிக் கடிகாரத்தைக் கழற்றினேன். சுவரில் வட்டமாக ஒரு வெளுத்த அடையாளம் இருக்கிறது. கடிகாரத்தை ரயில் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உன் கைக்கு வந்தால் நிறுத்திவிடு. பார்சல் கட்டும்போதும் டிக் டிக் என்று ஓடிக்கொண்டே இருந்தது, தாங்க முடியவில்லை.

ரூடி

*

ஹார்ட்வெல்
26 நவம்பர் 1952

அண்ணா,

முதலில் நல்லது. எமிலின் பாலிசி புதுப்பிக்கப்பட்டது. நேற்றே தந்தி கொடுத்திருக்கிறார்கள்.

மற்றதையும் சொல்கிறேன். உன் ஏஜெண்ட் ஒப்பந்தம் டிசம்பர் 31-உடன் முடிகிறது. பொய் அறிக்கை கொடுத்த உறுப்பினர் என்பதால் உன் சொந்த பாலிசியும் அன்றோடு முடிகிறது. வேண்டுமானால் புது ஆளாக விண்ணப்பிக்கலாம். இரண்டு அண்டை வீட்டார் அட்டையுடன், எல்லாரையும் போல.

நான் குழுவின் முன்னால் நின்றேன். அந்தக் காரில் வந்தது நான், இவர் என் அண்ணன், அறிக்கையைப் படித்த பிறகும் இரண்டு வாரம் நான் வாயைத் திறக்கவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். குழுத் தலைவர் ப்ரூவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வோண்ட்ரா ஏன் தானே வந்து மறுக்கவில்லை?" என்று கேட்டார். "அவர் டுவோராக்காரர்" என்றேன். அவருக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை. எனக்கு ஒரு கண்டிப்புக் கடிதம் கிடைத்தது. அதை ஹேசல்தான் அடித்தாள், பாவம், அடிக்கும்போதே மூக்கை உறிஞ்சினாள்.

கடிகாரம் வந்து சேர்ந்தது. நிறுத்திவிட்டேன்.

உன்னைத் தள்ளியது நான்தான் என்று தோன்றுகிறது. தூங்கி எழுந்தால் அதுதான் முதல் நினைப்பு. திட்டியாவது எழுது.

லீடா

*

டுவோரா
2 ஜனவரி 1953

லீடா,

திட்ட மாட்டேன். எனக்கு அந்தத் தகுதி இல்லை.

காரைக் கொட்டகையில் பூட்டிவிட்டேன். எங்கும் நடைதான். பனியில் கால் விறைக்க நடக்கிறேன், போக ஒரு இடமும் இல்லை, வீட்டில் இருக்கவும் முடியவில்லை. யாரும் எதுவும் கேட்பதில்லை. அதுதான் கொடுமை. மணி என்ன என்றுகூட யாரும் கேட்பதில்லை.

புது ஏஜெண்ட் செலென்கா அம்மா. நல்ல சுறுசுறுப்பு. என் பழைய மேஜையில் என்னையே எதிரில் உட்கார வைத்து, "முதல்ல கையெழுத்துப் போடுங்க, அட்டை மெதுவா வரட்டும்" என்று விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார். அட்டை இரண்டும் வெறுமையாக அவர் மேஜையில் கிடக்கின்றன. இருபத்து மூன்று வருடமாக ஊரில் எல்லாருக்கும் அந்த அட்டையை நீட்டியவன் நான். 'இவர் சொல் உண்மையானதா' என்று மூன்றாவது கேள்வி அச்சடித்திருக்கிறது. அதை எந்த முகத்தோடு யாரிடம் நீட்டுவேன்? எமிலிடம் கேட்கவே மாட்டேன். அவரிடம் வாங்கியது போதும்.

காரை விற்றுவிடலாம் என்று இருக்கிறேன். வண்டி இல்லாமலும் மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள்.

இன்று வெள்ளிக்கிழமை. எமிலின் ஃபோர்டு லிங்கன் சாலையில் போவதைப் பார்த்தேன். ரோசா உள்ளிருந்து கையை ஆட்டினாள்.

ரூடி

*

ஹார்ட்வெல்
19 ஜனவரி 1953

ரூடி அண்ணா,

காரை விற்காதே. விற்றிருந்தால் போய்த் திரும்ப வாங்கு.

வியாழக்கிழமை உன் விண்ணப்பத்தோடு செலென்கா அம்மாவின் உறை வந்தது. சொந்தக்காரர் விண்ணப்பத்தைத் தொடக் கூடாது என்பது விதி. பெயரைப் பார்த்ததும் ஹேசலின் மேஜையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். "லீடா, இங்க வா. தொட வேண்டாம், பாரு" என்றாள்.

நீ யாரிடமும் நீட்டாத அந்த இரண்டு அட்டையும் நிரம்பியிருந்தன. முதலாவதில் அதே கோணல் எழுத்து.

'குடிப்பாரா? — இல்லை. வேகமாக ஓட்டுவாரா? — இல்லை. இருபத்து மூன்று வருடத்தில் ஒருமுறைதான் மோதினான், அதுவும் என் வண்டி. இரவல் கேட்டால் இன்றும் சாவியைக் கொடுப்பேன். இவர் சொல் உண்மையானதா? — ஒருமுறை பொய் சொன்னான். நானும் கூடச் சேர்ந்து சொன்னேன். எங்கள் இருவருக்கும் அது சரியாக வரவில்லை. எமில் வோண்ட்ரா, உறுப்பினர் 17-0004.'

இரண்டாவது அட்டை பென்சிலில் எழுதியது. யார் என்று நினைக்கிறாய்? பால் லாரி ஸ்லாமா.

'என்னை மோதியவன் இவன்தான். இறங்கி ஓடிவந்து எனக்கு அடிபட்டதா என்று முதலில் பார்த்தான். பிறகுதான் வண்டியைப் பார்த்தான். அது எனக்குப் போதும். ஜோ ஸ்லாமா.'

ஹேசல் இரண்டையும் குழுவுக்கு மேலே எடுத்துப்போனாள். ப்ரூவர் படித்துவிட்டுச் சிரித்தாராம். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு இன்னொரு முறை படித்தாராம். இன்று காலை அனுமதி வந்தது.

முடிவு எடுத்த பிறகு கடிதத்தை யார் அடிக்கலாம் என்பதற்கு விதி எதுவும் இல்லை. ஹேசலிடமிருந்து காகிதத்தை வாங்கிக்கொண்டேன். உனக்கு வரும் தபாலில் இரண்டு உறை இருக்கும். இது ஒன்று. மற்றது கம்பெனியின் கடிதம். அதில் 'பாலிசி எண்' என்று தொடங்க வேண்டிய இடத்தில் 'அன்புள்ள ரூடால்ஃப் குபிச்செக் அவர்களுக்கு' என்று இருக்கும். அச்சுப் பிழை என்று நினைத்துவிடாதே.

கீழ் மூலையைப் பார். எல்.கே. இந்த முறை பெயரைப் படித்துவிட்டுத்தான் அடித்தேன்.

லீடா